உப்பு போடாத ஐஸ் பெட்டி

ஒன்பதாம் வகுப்பு திறந்த முதல் வாரத்தில் என் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? வராந்தாவில் ஆரம்பித்து மூன்றாவது பெஞ்ச் வரைக்கும் ஒரே ஈரக் கோடு. வகுப்புத் தலைவி துடைப்பத்தைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மீன்காரம்மா பொண்ணு பையில மீன் நீந்துது" என்றது. எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். முதல் நாள் ஏன் சொட்டியது என்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளும் சொட்டியதே, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளி மலருக்கு எழுதச் சொல்லி நம் குரூப்பில் செய்தி வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இரண்டாம் நாள்தான். அதைச் சொல்ல, அதற்கு முந்தின கோடைக்குப் போக வேண்டும்.

என் அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். விடிவதற்குள் காசிமேட்டில் ஏலம் எடுத்து, மார்க்கெட் தெருவில் தையல் கடைப் படியோரம் கூடை வைத்து விற்பாள். வெயில் ஏறியதும் மிச்சமான மீனைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, நாலு மணிக்கு மறுபடியும் கடை போடுவாள். பன்னிரண்டிலிருந்து நாலு வரை எங்கள் குடும்பமே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வரும். விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு துறைமுகத்தில் நிற்கும். புதுப் பெயிண்ட் வாசனைதான் அடிக்குமே தவிர மீன் வாசனை இருக்காது. தடையில்லாத சின்ன ஃபைபர் படகு கொண்டுவருவது கொஞ்சம், கேரளா பக்கமிருந்து லாரியில் வருவது கொஞ்சம். வாங்க வருகிறவர்கள் ஒவ்வொரு மீனையும் அழுத்தி, முகர்ந்து, செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு மீன் இளகியிருந்தால் அந்த வாடிக்கை அன்றோடு போயிற்று. அந்த வருஷம் தடைக்காலம் தொடங்கி இரண்டே வாரத்தில் அம்மாவுக்கு மூன்று வாடிக்கை வீடுகள் போயின. மூன்றாவது வீடு ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆன்ட்டியுடையது. அவர் மாலையில் வாங்கிப்போன சங்கரா மீனை அரை மணி நேரத்தில் பிளாஸ்டிக் பையோடு திருப்பிக் கொண்டுவந்து, எல்லாக் கூடைக்காரர்களும் பார்க்க, அம்மாவின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "இந்த வருசம் இப்டியே போச்சுன்னா நான் எறா கம்பெனிக்குத்தான் திரும்பிப் போணும்."

நான் நாலாவது படிக்கும்வரை அம்மா அங்கே இறால் உரிக்கிற வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறி, வெடித்திருக்கும். ராத்திரி குழம்பு ஊற்றிச் சாதம் பிசைந்தால் எரியும் என்று ஸ்பூனில் சாப்பிடுவாள். அந்த ஸ்பூனை நான் மறுபடியும் பார்க்க விரும்பவில்லை.

இப்போது உப்பு விஷயம். எங்கள் தெருவில் மீன் விற்கிற எல்லாரிடமும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லுப்பு டப்பா இருக்கும். ஐஸை உடைத்துப் போட்டதும் மேலே இரண்டு கை உப்பு. ஐஸுக்கு உப்புதான் பலம் என்பார்கள். சும்மா சொல்லவில்லை. ஐஸ் கம்பெனி வாசலில் அவ்வப்போது வண்டி வந்து நிற்கும். மூட்டை மூட்டையாக உப்பு உள்ளே போகும். ஐஸ் வெளியே வரும். இதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

பரீட்சைக்கு முந்தின வாரம் நம் அறிவியல் மிஸ் செய்து காட்டினாரே, அது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பீக்கரில் ஐஸ், நடுவில் வெப்பமானி. சிவப்புக் கோடு பூஜ்ஜியத்தில் நின்றது. மிஸ் கல்லுப்பைக் கொட்டிக் கிளறினார். கோடு பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கீழே, இன்னும் கீழே இறங்கியது. பீக்கருக்கு வெளியே வெள்ளையாகப் பனி படிந்தது. நான் எழுந்து நின்று, எங்கம்மாவும் இப்படித்தான் செய்வாங்க மிஸ் என்றேன். உங்க அம்மாவுக்குப் படிக்காமலே அறிவியல் தெரிஞ்சிருக்கு பார் என்று மிஸ் சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அன்று என்னோடு சேர்ந்து அம்மாவும் உள்ளே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பெல் அடித்ததும் மார்க்கெட் தெரு வரைக்கும் ஓடினேன்.

அம்மா பக்கத்துக் கூடை அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கேட்டியா? உப்பு போட்டா ஐஸு இன்னும் ஜில்லுனு ஆவுதாம். புக்குலயே போட்டுகீதாம்."

"புக்கு எழுதுனவன் காசிமேட்ல மீன் வித்துருப்பான்" என்றாள் அத்தை.

மறுநாளிலிருந்து இரண்டு கை உப்பு நாலு கையானது. நாலு மணி வரைக்கும் தட்டுத்தடுமாறி நின்ற ஐஸ் இரண்டரைக்கே தண்ணீரானது.

அம்மா என்னைத் திட்டவில்லை, புத்தகத்தையும் திட்டவில்லை. ஐஸ் கம்பெனி மாமாவைத் திட்டினாள். ஐஸ் பாரின் நடுவில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை ஓடும் அல்லவா, அதைக் காட்டி, உள்ளே காற்றை ரொப்பி பொக்கை ஐஸ் விற்கிறான் என்று தினமும் அவர் வாசலில் நின்று ஏசினாள். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, வெளியிலிருந்து உள்நோக்கி உறையும்போது நடுவில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. எல்லா ஐஸ் பாரிலும் அது இருக்கும். அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அன்று எனக்கும் அது தெரியாது. அம்மாவின் பக்கத்தில் நின்று நானும் அவரை முறைத்தேன்.

ஒருநாள் அவருக்கும் பொறுக்கவில்லை. "உள்ள வந்து நீயே பாரு. உம்பொண்ணையும் இட்டுகினு வா. படிக்கிற புள்ளதான, அது சொல்லட்டும்" என்றார்.

உள்ளே போனோம். தோழிகளே, நான் இதுவரை பார்த்த ஆய்வுக்கூடங்களில் அதைப் போல ஒன்று இல்லை. வெளியே மே மாத வெயில்; உள்ளே காலடியில் மரப்பலகைத் தரை, பலகை இடுக்கிலிருந்து புகை மாதிரி குளிர். மூக்கைக் குத்தும் அம்மோனியா வாசனை. எங்கேயோ ஓர் எந்திரம் நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. மாமா ஒரு பலகையைத் தூக்கினார். கீழே கறுப்பாகத் தண்ணீர், அதில் கழுத்துவரை முங்கி வரிசையாகத் தகரக் கேன்கள். கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் கெட்டியாக உறைந்திருக்கிறது. கேனைச் சுற்றி இருக்கும் தண்ணீர் அசைகிறது.

அது ஏன் உறையவில்லை என்று கேட்டேன். அது உப்புத் தண்ணீர், இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது, அதனால்தான் கேனைச் சுற்றி ஓட விடுகிறோம் என்றார். விரலை விட்டுப் பார்த்தேன். சுட்டது. நிஜமாகவே சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். ஐஸைவிடக் குளிரான தண்ணீர், ஆனால் ஐஸ் ஆகாத தண்ணீர்! மூட்டை மூட்டையாக உள்ளே போன உப்பெல்லாம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

சுவரோரம் ஒரு கேன் தனியாகக் கிடந்தது. அதன் மேல் சாக்பீஸில் பெருக்கல் குறி. அது என்ன என்றேன்.

"ஓட்டை கேனு பாப்பா. உப்புத் தண்ணி உள்ள பூந்துக்கும். அதுல ஐஸே புடிக்காது, கூழாத்தான் கீது."

"அப்ப உப்பு ஐஸைத் தொடவே கூடாதா மாமா?"

"தொட்டா தின்னுடும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த பலகையைத் தூக்கப் போய்விட்டார். அம்மா ஓர் ஐஸ் பாரின் நடுவைத் தட்டித் தட்டிப் பொக்கையைத் தேடிக்கொண்டிருந்தாள். இது அவள் காதில் விழவில்லை.

வழியில் சொன்னேன். அம்மா நின்று என்னைப் பார்த்தாள். "நீதானடி சொன்ன, புக்குல கீதுன்னு?"

உப்பு போட்டால் ஐஸ் இன்னும் குளிர்கிறது. அதை என் கண்ணால் பார்த்தேன். உப்பு பட்டால் ஐஸ் அழிகிறது. அதையும் அந்த ஓட்டைக் கேனில் பார்த்தேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இந்த இடத்தில்தான் கைக்கடிகாரக்காரி வருகிறாள். நம் வகுப்பில் வாட்ச் கட்டியிருந்த ஒரே ஆள். இதைப் படிக்கும்போது உனக்குச் சிரிப்பு வரும். பழக்கடையில் கெஞ்சி இரண்டு திராட்சைப் பெட்டி வாங்கினோமே, சின்னத் தெர்மாகோல் பெட்டிகள். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கீழே இரண்டு கண்ணாடி பாட்டில் வைத்தோம். ஒரே ஐஸ் பாரிலிருந்து உடைத்து, அம்மாவின் தராசிலேயே சமமாக நிறுத்து, இரண்டிலும் போட்டோம். ஒன்றில் உப்பு, ஒன்றில் இல்லை. எங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படித் திருப்பத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாம் தாண்டிக்கொண்டு போக, காலை ஒன்பது மணிக்கு நீ நேரத்தைச் சொன்னாய், நான் நோட்டில் எழுதினேன்.

உப்புப் பெட்டி ஓடிய ஓட்டம்! சொட்டுச் சொட்டாக அல்ல, கோடாகவே இறங்கியது. கையை உள்ளே விட்டால் அதுதான் அதிகக் குளிர். மிஸ் சொன்னது சரி. ஆனால் ஒன்றரை மணிக்கு அதற்குள் ஒன்றும் இல்லை. உப்பில்லாத பெட்டியில் நாலு மணிக்கும் இரண்டு பிடி ஐஸ் மிச்சம் இருந்தது. மாமா சொன்னதும் சரி. நாம் இரண்டு பேரும் படிக்கட்டில் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்.

அம்மா இரண்டு பெட்டியையும் குனிந்து பார்த்தாள். "அந்தப் பொட்டியில இன்னா கோளாறோ. நாளைக்கு பொட்டிய மாத்து" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. படிக்காதவளுக்கு என்ன காட்டினாலும் ஏறாது என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் நியாயமில்லை. வேண்டாவெறுப்பாக மறுநாள் உப்பை மற்றப் பெட்டிக்கு மாற்றினோம். அன்றும் உப்பு போட்ட ஐஸ்தான் முதலில் தீர்ந்தது. அம்மா இரண்டு பெட்டிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு, "திரிய ஏத்தி வுட்ட ஸ்டவ்வு மாரி கீது. பெருசா எரியும், எண்ணெ சீக்கிரம் தீந்துடும்" என்றாள்.

அதுதான். வேறு எதுவும் இல்லை. ஐஸ் உருகுவதற்கு வெப்பம் வேண்டும்; அதைச் சுற்றியிருப்பதிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. உப்பு சேர்ந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே உருக முடியும், ஆகவே அவசரமாக உருகுகிறது. அவசரமாக வெப்பத்தைப் பிடுங்குவதால் குளிர் ஏறுகிறது. அவ்வளவு குளிர்ந்த பெட்டிக்குள் வெளிச்சூடும் வேகமாகப் பாய்கிறது. கடைசியில் ஐஸ் தீர்ந்துபோகிறது. குளிர் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. குளிர் எவ்வளவு நேரம் என்பது வேறு கேள்வி. மிஸ் முதல் கேள்விக்குப் பதில் சொன்னார். மீன்காரிக்கு வேண்டியது இரண்டாவது கேள்வி.

ஆனாலும் அம்மா மார்க்கெட்டில் உப்பை நிறுத்தவில்லை, குறைத்தாள், அவ்வளவுதான். பத்துப் பேர் போடும்போது ஒருத்தி போடாமல் இருந்தால் மீன் கெட்ட அன்று பத்துப் பேரும் பேசுவார்கள் அல்லவா?

அப்போதுதான் ரயில்வே ஆன்ட்டி வந்தார். சங்கராவைத் திருப்பிக் கொடுத்த அதே ஆன்ட்டி. சின்ன மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். மாதா கோயிலில் பூசை முடிந்து ஐம்பது பேருக்கு விருந்து, வஞ்சிர வறுவல் இல்லாமல் முடியாது. தடைக்காலத்தில் வாக்குக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. அம்மா கொடுத்துவிட்டாள். லாரி மீன் சனிக்கிழமை விடியற்காலைதான் வரும், ஞாயிறு வராது. ஒரு பகல், ஓர் இரவு முழுக்க மீனை வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் அம்மா வைத்ததே இல்லை. கெட்டால் ஆன்ட்டி வீடு மட்டும் போகாது. அந்தக் கோயில் தெருவில் யாரும் அம்மா கூடைக்கு வரமாட்டார்கள். பிறகு எறா கம்பெனிதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா உப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "போடவா, வாணாவா? நீ சொல்லு."

பதின்மூன்று வயதில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "வாணாம்மா" என்றேன். அம்மா டப்பாவை மூடினாள்.

பெட்டியைச் சுற்றிப் போர்த்த ஏதாவது வேண்டும் என்றேன். என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலை. மழைக்கால ஷிஃப்டுக்கு ஒரு சிவப்புக் கம்பளி வைத்திருந்தார். அதை எடுத்ததும், "இன்னா, ஐஸுக்குக் குளுருதா?" என்றார். கம்பளி சூடு தராது நைனா, சூட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகவிடாது, அவ்வளவுதான் என்றேன். கம்பளி போர்த்தி வியர்க்காத ஆளை அவர் பார்த்ததில்லையாம். அம்மா கம்பளியை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஐந்து வஞ்சிரம் வந்தது, வெள்ளிக் குழாய் மாதிரி. ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு. உருகின தண்ணீர் தேங்காமல் இறங்க அடியில் ஓட்டை. மேலே கம்பளி. மாடிப்படித் திருப்பத்தில் வெயில் படாத மூலை. நாலு மணிக்கு அம்மா வழக்கம்போல மிச்ச மீனை விற்கப் போனாள். நான் காவல், தண்ணீர் பிடிக்க ஐந்து நிமிஷம் கீழே இறங்கியதுதான் என் தப்பு.

குடத்தோடு ஏறும்போது, எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் பக்கத்துக் கூடை அத்தை மார்க்கெட்டுக்குக் கிளம்பி எதிரே இறங்கி வந்தாள். முகமெல்லாம் அன்பு. "பாவம், உங்கம்மா பதட்டத்துல உப்பே போடல பாரு. நான் ரெண்டு கை நல்லா போட்டு வுட்டுகிறேன்."

குடத்தைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினேன். கம்பளியைத் தூக்கினால் ஐஸ் மேல் வெள்ளை வெள்ளையாகக் கல்லுப்பு, ஏற்கெனவே பள்ளம் பறித்து இறங்கிக்கொண்டிருந்தது. சோற்றுத் தட்டால் வாரி வாரி வெளியே போட்டேன். எதுவரை உப்பு இறங்கியது என்று எப்படித் தெரியும்? நக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து, மீன் கவிச்சியோடு, நக்கி நக்கி, கரித்தால் வெளியே, கரிக்காவிட்டால் உள்ளே. நாக்கு மரத்துப்போனது. கடைசியில் முதல் மீனின் முதுகு வெளியே தெரிந்தது. ஐஸ் போதாது.

ஐஸ் கம்பெனிக்கு ஓடினேன். அம்மாவிடம் இத்தனை நாள் ஏச்சு வாங்கிய மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய், அரை ஐஸ் பாரைக் கோணியில் சுற்றி என் தலையில் ஏற்றினார். "உங்கம்மா கைல சொல்லு, பொக்கை இல்லாததா பாத்துக் குடுத்தேன்னு" என்றார். கழுத்து வழியாக முதுகில் தண்ணீர் இறங்க இறங்க, அந்த வெயிலில் நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

ஞாயிறு காலை கோயில் மணி அடித்தது. வெள்ளைக் கவுனும் பூமுடியுமாகச் சின்னப் பெண்கள் வரிசையாகப் போனார்கள். ஆன்ட்டி வீட்டுப் பின்வாசலில் அம்மா பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தாள். கையை உள்ளே விட்டதும் கரகரவென்று ஐஸ் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆன்ட்டி செவுளைத் தூக்கினார், சிவப்பு. கண்ணைப் பார்த்தார், கண்ணாடி. விரலால் அழுத்தினார், எடுத்ததும் குழி மேலே எழும்பிவிட்டது.

"இன்னைக்கு வந்த மீனா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். "நேத்து விடிகாலீல வந்ததும்மா. எம்பொண்ணு படிச்சி காவந்து பண்ணிச்சி" என்றாள் அம்மா, அரிவாள்மனையை விரித்துக்கொண்டே.

அம்மா எறா கம்பெனிக்குப் போகவில்லை. திங்கட்கிழமை ஒரு வஞ்சிரத் தலையைக் காகிதத்தில் சுற்றி ஐஸ் கம்பெனி மாமாவிடம் நீட்டினாள். "இன்னாக்கா, இன்னிக்கு ஐஸு பொக்கை இல்லியா?" என்றார். "அதெல்லாம் நல்லாத்தான் கீது" என்றாள். அவள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான்; அவருக்கும் அது போதுமாயிருந்தது. மிச்ச உப்பில் அந்தக் கோடை முழுக்கக் கருவாடு போட்டாள். நைனாவின் கம்பளியிலிருந்து மீன் வாசனை போகவே இல்லை. பிறகு அது எங்கே போனது என்றும் தெரியவில்லை. அத்தை மட்டும் இன்றைக்கும் ஐஸில் உப்பு போடுகிறாள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் இரண்டு திராட்சைப் பெட்டியையும் ஐஸையும் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். அதுதான் நீங்கள் பார்த்த ஈரக் கோடு. மிஸ் மேஜையில் இடம் ஒதுக்கித் தந்தார். காலையில் வைத்தது, கடைசிப் பாட வேளையில் திறந்தபோது ஒன்று காலி, ஒன்றில் ஐஸ். நான் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கேன், மீதியை இவள் சொல்வாள் என்று மிஸ் சாக்பீஸை என்னிடம் கொடுத்தார். நீங்கள் கை தட்டினீர்கள். துடைப்பம் கொடுத்த வகுப்புத் தலைவியும் தட்டினாள்.

அந்தக் கைதட்டலைச் சொல்ல மார்க்கெட் தெருவரை ஓடினேன். அம்மா சங்கரா செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் சொன்னதை, சாக்பீஸை, கைதட்டலை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"பொட்டிய மாத்திக் காட்டுனியா?"

காட்டவில்லை. ஆகவே, தோழிகளே, மறுநாளும் என் பை சொட்டியது.